ஃபிரீசரில் வைத்த வடிகட்டி

அண்ணிக்குக் காட்டுக்குள் போக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வடசுமத்ராவில் ஆற்றோரமாக நான்கு நாள் நடை, மூன்று இரவு கூடாரம், வழியெல்லாம் குரங்கும் அட்டையும். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆறு வருடமாக முடக்குவாதம். அதை அடக்க அவர் சாப்பிடும் மாத்திரை, கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கி வைக்கும். அதனால் டாக்டர் வழுக்குப் பாறையைப் பற்றியோ புலியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார். மற்றவர்களுக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, உங்களுக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை வரை போகலாம். தண்ணீருக்கு நல்ல ஏற்பாடு இருந்தால் போய் வாருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்.

அந்த நல்ல ஏற்பாடு நான் என்று குடும்பத்தில் முடிவானது. நான் அண்ணனுக்குத் தங்கை, அண்ணிக்கு நாத்தனார், அவரோடு நடக்கத் துணிந்த ஒரே ஆள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல வருடம் செய்தித்தாளில் துணையாசிரியராக இருந்தவள். செய்தித்தாளில் வேலை பார்த்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் குடும்பம் நம்புகிறது. பக்கம் அச்சுக்குப் போகும்வரை எங்களுக்கு எல்லாம் தெரியும் என்பது உண்மைதான். மறுநாள் காலையில் தெரியாது.

அண்ணனிடம் வேறு யோசனை இருந்தது. "தண்ணிப் போத்தல் வாங்கிட்டுப் போங்களேன். எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி?"

"ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு லிட்டர். நாலு நாள். நீங்க தூக்கிட்டு வர்றீங்களா?" என்றார் அண்ணி.

சிங்கப்பூரில், சுவா சூ காங் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் கீழ்மாடிக் காப்பிக்கடையிலேயே உட்கார்ந்துவிடும் அண்ணன், தூக்கும் யோசனையை விட்டுவிட்டார். "அப்ப கொதிக்க வச்சுக் குடிங்க" என்றார்.

"ஈர விறகுல ஒரு கெட்டில் தண்ணி, அதுல எல்லாருக்கும் தேத்தண்ணி. அது கொதிச்சுச்சா சூடாச்சான்னு யார் பார்க்கறது? அதோட, சுடுதண்ணி குடிக்கவா அவ்ளோ தூரம் போறேன்? அத இங்கயே உக்காந்து குடிப்பேனே."

ஆக, கையில் எடுத்துப் போகும் வடிகட்டி. நான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் நகரத்துக் கடைத்தொகுதி ஒன்றில், மலையேறுவோருக்கான கடைக்குப் போனேன். மாவு பாக்கெட்டுக்குச் சமமான பொருளுக்கு மூன்று மடங்கு பெரிய பெட்டி. பெட்டிமேல் பனிமலை, அதன்முன் பல் தெரியச் சிரிக்கும் ஒருவர். கிருமிகளில் 99.9999 விழுக்காடு நீங்கும் என்றது ஒரு பெட்டி. பக்கத்துப் பெட்டியில் ஓர் ஒன்பது கூடுதல். இந்த மாதிரி எண்களோடு வரும் அறிக்கைகளை நாங்கள் செய்தி அறையில் முதலில் ஓரமாக வைப்போம், பிறகு குப்பையில் வைப்போம். யார் சோதித்தது, எங்கே, எந்தத் தண்ணீரில் என்று விற்பனையாளரைக் கேட்டேன்.

"ஆண்டி, இதுதான் பெஸ்ட் செல்லர்."

"நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"எதை?"

"இதுல வடிகட்டின ஆத்துத் தண்ணிய."

"நானா? நான் ஜிம்ல தண்ணி பிடிச்சுக்குவேன் லா."

ஒரே ஆதாரத்தை வைத்துச் செய்தி போடக்கூடாது என்பதால் மறுவாரம் அண்ணியையும் அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பெட்டி, பை, குடை, பூட்டு விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். ஊருக்குப் போகிறவர்கள், உம்ராவுக்குப் போகிறவர்கள், கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே பை உண்டு. பின்சுவரில் ஓர் அலமாரி முழுக்க முகாம் சாமான்கள்.

பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேசையில் பரப்பினார். குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும். ஆனால் தண்ணீர் நீச்சல்குளம் போல நாறும், சில பிடிவாதக் கிருமிகளுக்கு அது போதாது. புற ஊதா விளக்குக் குச்சியைத் தண்ணீரில் விட்டுக் கலக்க வேண்டும், கலங்கல் தண்ணீரென்றால் வேலை செய்யாது.

"பேட்டரி தீர்ந்தா?" என்று கேட்டேன்.

"தீர்ந்தா தேத்தண்ணி கலக்கலாம்" என்றார் பாய். "இந்தாங்கக்கா, இத பாருங்க. அமுக்குற போத்தல். வெளிப் போத்தல்ல ஆத்துத் தண்ணி, உள்போத்தல மேல வச்சு ஒரே அமுக்கு. பாக்டீரியா, வைரஸ், எல்லாம் காலி. என்கிட்ட இருக்கறதுலயே இதான் முதல்."

அண்ணி அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார். போத்தல் அசையவில்லை. மணிக்கட்டு வளைந்தது, முகமும் வளைந்தது.

"பாய், இதுக்கு முதல்ல என்னை ரிப்பேர் பண்ணணும்."

"அட, கூட இவங்க வர்றாங்கள்ல? அமுக்கித் தருவாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "யாரும் எனக்கு அமுக்கித் தர வேணாம். தாகம் எடுத்தா நானே எடுத்துக் குடிக்கணும். அதுக்குத்தான் பாய் அவ்ளோ தூரம் போறேன்."

பாய் அந்தப் போத்தலைச் சத்தமில்லாமல் அலமாரிக்குத் திருப்பிவிட்டார். ஆறு வருடமாக அண்ணிக்கு மூடி திறப்பது யாரோ, பொத்தான் போடுவது யாரோ. உணவங்காடியில் அண்ணன் அவருடைய பரோட்டாவைப் பிய்த்துத் தட்டில் பரப்பி வைப்பார். அண்ணி அதைப் பார்த்துவிட்டுச் சில சமயம் பசியில்லை என்பார். இவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்தும், அவர் குரங்கு பார்க்கத்தான் போகிறார் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடைசியில் எடுத்தது தொங்கு பை. மேலே ஒரு பை, அதில் அழுக்குத் தண்ணீர். நடுவில் வடிகட்டிக் குழல். கீழே இன்னொரு பை. மரக்கிளையில் மாட்டிவிட்டால் தண்ணீர் தானாக இறங்கும். அமுக்க வேண்டாம், பிழிய வேண்டாம். கீழ்ப்பையின் குழாயை இரண்டு விரலால் தள்ளினால் போதும். குழலுக்குள் வைக்கோல் மாதிரி உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள். தண்ணீர் அவற்றின் சுவர் வழியாகப் போகும், பாக்டீரியா போக முடியாது. வைரஸ் நுழையும். ஆகவே கீழ்ப்பையில் ஒரு மாத்திரையும் போட்டுக்கொள்ள வேண்டும். அலமாரியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"பாய், நீங்க காட்டுக்குப் போனா எத எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டேன்.

"நான் ஏம்மா காட்டுக்குப் போறேன்?" என்றார் அவர்.

வாங்கியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, சிங்கப்பூரில் கெட்ட தண்ணீர் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நீர்த்தேக்கத்தில் எடுக்கலாமென்றால் கரையெல்லாம் அறிவிப்புப் பலகை. கால்வாய்க்குக் கம்பி வேலி. மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து நாலு நாள் வைக்கலாமென்றால் கொசு முட்டையிட்டிருக்கிறதா என்று பார்த்து அபராதம் போட ஆள் வருவார்கள். உருப்படியாக ஒரு லிட்டர் அசுத்தம் இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது அண்ணனின் மீன்தொட்டி ஞாபகம் வந்தது.

சமையலறையில் துணி காயப்போடும் மூங்கில் கழியை இரண்டு நாற்காலிமேல் வைத்து, பையைத் தொங்கவிட்டோம். அண்ணி தொட்டித் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு ஊற்றினார். அண்ணன் தொட்டியின் அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் மீன் தண்ணி உங்க பில்டர் தண்ணிய விட சுத்தம், தெரியுமா?"

"அப்ப ஒரு கிளாஸ் குடிங்க" என்றார் அண்ணி.

அண்ணன் மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது.

கீழ்ப்பையில் தண்ணீர் பளிங்காக இறங்கியது. அண்ணி குழாயைத் தானே திறந்து ஒரு கோப்பை பிடித்தார், தானே மூடினார், கறிவேப்பிலைத் தொட்டிச் செடிக்கு ஊற்றினார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். மூன்றாவது தடவை செடி போதும் என்றாகி, தண்ணீர் தட்டில் வழிந்தது. அவர் விடவில்லை.

இதுவரை நான் எந்தத் தவறும் செய்யவில்லை. இனிமேல்தான்.

பெட்டிக்குள் ஒரு விளக்கத்தாள் இருந்தது. ஆறு மொழி, எறும்பு அளவு எழுத்து, தமிழ் இல்லை. அண்ணிக்காக அதைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எழுதி, மழை பட்டாலும் கெடாதபடி பிளாஸ்டிக் உறை போட்டுத் தருகிறேன் என்றேன். எழுதினேன். நீளமாக வந்தது. நீளமாக வந்ததைக் கீழிருந்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். செய்தியில் முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும், போகப் போகச் சப்பையாகும். இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியை எடுத்துவிடலாம், யாரும் தேட மாட்டார்கள். விளக்கத்தாளின் கடைசிப் பத்தி, வடிகட்டி உறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது பற்றியது. பனி விழும் நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. சுமத்ராவில் பனி விழாது. எடுத்துவிட்டேன்.

ஈரமான குழலை ஈசூனில் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். நிழலில் நன்றாகக் காயவைக்கவும் என்று என் சொந்தத் தமிழிலேயே எழுதியிருந்தேன். ஆனால் அது மழைக்காலம். என் வீட்டில் கைத்துண்டே மூன்று நாள் காயும். குழலில் லேசாக மீன் வாடை வேறு. இந்த ஊரில் கெடக்கூடாத பொருளுக்கு ஒரே இடம்தான். என் ஃபிரீசரில் கறிவேப்பிலை, துருவிய தேங்காய், காப்பித்தூள், ஊரிலிருந்து வந்த சுண்டைக்காய் வற்றல், இரண்டு டார்ச் பேட்டரி எல்லாம் இருக்கும். வடிகட்டியையும் ஒரு பையில் போட்டு வற்றலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கிருமி வளராது பாருங்கள்.

பயணம் சனிக்கிழமை. புதன்கிழமை மாலை மூட்டை கட்டுவதற்காக எல்லாவற்றையும் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்போம் என்றார் அண்ணி. மறுபடி கழி, மறுபடி மீன்தொட்டி. தண்ணீர் முன்னைவிட வேகமாக இறங்கியது. கீழ்ப்பை கண்முன்னே புடைத்தது.

"சூப்பரா ஓடுதுடி! என்ன பண்ணே?"

"ஃபிரீசர்ல வச்சிருந்தேன்."

"பாரு, பேப்பர்காரி மூளைய!" என்று அண்ணனிடம் என்னைப் பாராட்டினார்.

ரயிலில் திரும்பும்போது அந்த வேகம் என்னை உறுத்தியது. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒன்று நடந்தால் செய்தி அறையில் யாரும் கைதட்ட மாட்டார்கள். எங்கோ எண்ணில் பிழை என்று தேடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் பூதக்கண்ணாடியோடு மூல விளக்கத்தாளை எடுத்தேன். கடைசிப் பத்தி: ஒருமுறை நனைந்த குழல் உறைந்தால், உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாகவே வரும். உறைந்ததாகச் சந்தேகம் இருந்தாலே தூக்கி எறிந்துவிடவும்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணியிடம் இருந்தது என் தமிழ்ப் பக்கம், அதில் இந்த வரி இல்லை. கீழ்ப்பையில் எப்படியும் மாத்திரை போடப்போகிறோம், பெரும்பாலான கிருமி அதிலேயே போய்விடும் என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் தயாரித்துப் பார்த்தேன். தயாரித்து முடித்ததும், மீதி என்ன என்று கேட்டுக்கொண்டேன். அண்ணியின் உடம்பு அந்த மீதியைத் தாங்காது. அதுதானே முதல் நாளிலிருந்து எங்கள் தலைப்புச் செய்தி.

மறுநாள் காலை பாய்க்குப் போன் செய்தேன். "அதே பைதானே? ஒண்ணுதாம்மா இருந்துச்சு. அடுத்த மாசம் வரும். அமுக்குற போத்தல் இருக்கு, எடுத்து வைக்கட்டுமா?" என்றார். கடைத்தொகுதியிலும் தொங்கு பை தீர்ந்துபோயிருந்தது. ரயிலேறி சுவா சூ காங் போனேன்.

சொன்னேன். அண்ணன் முகம் நாலு நம்பர் லாட்டரி அடித்தவர் முகம்போல மலர்ந்தது. "ஆக, போக வேணாம்னு சொல்ல வர்றே."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அண்ணி. என்னைப் பார்த்தார். "உடைஞ்சிருக்கா இல்லையா?"

"தெரியாது அண்ணி."

"பார்த்தா தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நல்லாகூட இருக்கலாம்."

"இருக்கலாம்."

"நீ குடிப்பியா?"

"குடிப்பேன்."

"எனக்குத் தருவியா?"

"மாட்டேன்."

அண்ணி மேசைமேலிருந்த என் தமிழ்ப் பக்கத்தை எடுத்தார். "ஃபிரீசர்ல வைக்காதேன்னு இதுல இல்லையே."

"வெட்டிட்டேன்."

"ஏன்?"

"இடம் போதல."

அண்ணி பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை என் முன்னால், பின்பக்கம் மேலே தெரியும்படி வைத்தார். என் வேலைக்காலத்தில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் திட்டியதில்லை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுறேன்" என்று அண்ணன் போனை எடுத்தார்.

அண்ணி தன் விரல்களைப் பார்த்தார். காலை நேரம், அவை இன்னும் முழுதாக விரிந்திருக்கவில்லை. "பாய் கடையில அந்த அமுக்குற போத்தல் இருக்கா?"

"இருக்கு. ஆனா உங்க கை…"

"என் கை இல்லடி. உன் கை."

அப்படித்தான் போனோம். போத்தலை ஆற்றில் முக்கி, நிரப்பி, பாறைமேல் வைத்து, என் உடம்பு எடை முழுவதையும் மணிக்கட்டில் இறக்கி அமுக்க வேண்டும். ஒருமுறை அமுக்கினால் ஒரு பெரிய கோப்பை அளவு. ஒரு லிட்டருக்கு மூன்று அமுக்கு. குடிக்க, பல் தேய்க்க, மாத்திரை விழுங்க, எனக்கும் சேர்த்து, நாளைக்கு இருபதுக்கு மேல். அண்ணி எதிரே உட்கார்ந்து மேற்பார்வை செய்தார்.

"நேரா அமுக்கு. சாயுது பாரு."

"அமுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"பாய் ஒரே அமுக்குன்னாரே. உனக்கு என்ன நாலு?"

எங்கள் வழிகாட்டி முதல் நாள் எனக்கு உதவ வந்தார். அண்ணி மலாயில் அவரைத் தடுத்துவிட்டார். இது இவளுடைய தண்டனை என்று சொல்லியிருக்க வேண்டும், அவர் அவ்வளவு மரியாதையாகப் பின்வாங்கினார்.

இரண்டாம் நாள் மதியம் ஒன்றைக் கவனித்தேன். ஏற்றம் ஏறி வந்து உட்கார்ந்த அண்ணியின் உதடு வெடித்திருந்தது. அவர் போத்தல் காலி. எப்போதிலிருந்து காலி என்று தெரியவில்லை. திட்டுவதற்கு வாய் திறந்தவர், தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் திறக்கவில்லை. இந்த வெயிலில் கிருமி எதுவும் தேவையே இல்லை, இதுவே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். சொன்னால் இன்னும் குறைத்துக் குடிப்பார்.

அன்றிலிருந்து அவர் விழிப்பதற்கு முன்பே ஆற்றுக்குப் போய் அமுக்கி, இரண்டு போத்தல் நிரப்பி, அவர் கூடாரத்தின் வாசலில், கை எட்டும் தூரத்தில் வைத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் குரங்கைப் பார்க்கும் நேரத்தில் நிரப்பிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். மூடியை இறுக்காமல் வைத்தேன்.

"மூடி ஏன் லூசா இருக்கு? பையெல்லாம் நனையுது."

"போத்தல் அப்படி அண்ணி. மட்டமான சாமான்."

"பாய்கிட்ட சொல்லணும்" என்றார். மூடியைத் தானே திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, பாதிப் போத்தலை ஒரே மூச்சில் குடித்தார். பாயிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

நான்கு நாளும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கிருமிகள் ஊருக்கு வந்த பிறகும் வேலையைக் காட்டும் என்று படித்திருந்தேன். இந்த முறை கடைசி வரி வரை படித்திருந்தேன். அதனால் திரும்பி வந்தபின் தினமும் காலையில் போன் செய்தேன். காய்ச்சல் இருக்கா? இல்லை. வயிறு? இருக்கு, இருந்த இடத்துல. மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள். அண்ணன் தனியாக எனக்குப் போன் செய்து, அவள் தும்மியதாகவும் அதற்கு அர்த்தம் உண்டா என்றும் கேட்டார்.

எட்டாம் நாள் அண்ணி போனை எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மறுபடி, மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. நான் செருப்பு மாட்டி, வீட்டைப் பூட்டி, மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. மூச்சு இரைக்கும் சத்தம்.

"ஆறு தடவ கூப்பிட்டிருக்கே. என்னடி, வீடு எரியுதா?"

"எங்க இருக்கீங்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"புக்கிட் தீமா மலைல ஏறிட்டு இருந்தேன். உங்க அண்ணன் கீழ பெஞ்சுல உக்காந்துட்டார். போன் அவர்கிட்ட இருந்துச்சு, சைலண்ட்ல போட்டிருக்கார், மனுஷன். இப்பதான் இறங்கி வந்தேன்."

"காய்ச்சல் இல்லையே?"

"இல்ல. உன் கை எப்படி இருக்கு?"

"வலிக்குது அண்ணி. இன்னும் மணிக்கட்ட மடக்க முடியல."

"நல்லா வலிக்கட்டும்" என்றார். "அடுத்த வருஷம் லொம்போக் எரிமலை பார்த்து வச்சிருக்கேன்."